நாள் தெரியாத லீவு

என் பெரிய மகள் கமலத்தை வாலாஜாபேட்டையில் கட்டிக் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. அதில் கடைசி ஒரு வருஷமாக அவள் முகத்தையே நான் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டில் வெல்ல மண்டி இருக்கிறது, அணைக்கட்டுப் பக்கம் நிலம் இருக்கிறது, பெண்ணை நாலு நாள் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிற மனசுதான் இல்லை. நினைத்தால் வயிறு எரியும்.

அவர்கள் அனுப்பாவிட்டால் நாம் போய்ப் பார்க்கலாம் என்றால், அதற்கு லீவு வேண்டும். என் வீட்டுக்காரர் ஆதிகேசவனுக்கு ஆம்பூரில் இஷ்தியாக் அகமது சாயபுவின் தோல் ஷாப்பில் வேலை. தோலை ஊறப்போட ஆவாரம்பட்டை வண்டி வண்டியாக வரும், அதை எடை பார்த்துக் கோடவுனில் அடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அரை நாள் மூடுவார்கள். அரை நாளில் ரயிலேறி, வாலாஜா ரோட்டில் இறங்கி, ஜட்கா பிடித்துப் போய், பெண்ணோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்ப முடியுமா? அதனால் முழு நாள் லீவு எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் தனியாகப் போகிறேன் என்றால் இவர் விட மாட்டார். "பொம்பளை மட்டும் போய் நின்னா சம்பந்தி வீட்ல இன்னா நெனைப்பாங்க?" என்பார்.

அந்த வருஷம் மே மாதத்தில் லண்டன் ராஜாவுக்கு வெள்ளிவிழா ஜூபிலி என்று ஊரெல்லாம் தோரணம் கட்டினார்கள். ஷாப்புக்கும் லீவு விட்டார்கள். முறுக்கு சுட்டு, அவளுக்குப் பிடித்த பொரிவிளங்காய் உருண்டை பிடித்து, எல்லாம் தயாராக வைத்தேன். முதல் நாள் சாயங்காலம் வெல்ல வண்டிக்காரன் சாமிநாதன் வந்து வாசலில் நின்றான். வாலாஜாவுக்கும் ஆம்பூருக்கும் வெல்லம் ஏற்றிப் போய் வருகிறவன் அவன்தான்.

"யம்மா, உங்க சம்பந்தி சொல்லி அனுப்பிச்சாங்க. நாளைக்கு அவங்க ஊர்ல இல்லியாம், அணைக்கட்டுக்குப் போறாங்களாம். நீங்க வந்து அலையாதீங்கன்னாங்க."

தீபாவளிக்கும் இதே கதை. அப்போது சம்பந்தியம்மாவுக்குக் காய்ச்சல். சரி, ஜூபிலியும் தீபாவளியும் ஊருக்கே தெரிந்த நாள், நாம் கிளம்புவோம் என்று அவர்களாகவே ஊகித்திருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

என்னைக் கிறிஸ்துமஸ்தான் உசுப்பிவிட்டது. கோடவுன் மேஸ்திரி சாமுவேல் அன்று வேலூர் கோயிலுக்குப் போய்விடுவார். சாவி அவரிடம் இருக்கும், ஆகையால் கோடவுன் திறக்காது, என் வீட்டுக்காரருக்கும் லீவு. ஷாப்பில் மற்ற எல்லாரும் அன்று வேலைக்குத்தான் போவார்கள். அப்படி ஒரு லீவு உண்டு என்று எங்கள் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. ஆனால் முதல் நாள் சாமிநாதன் மாடுகளை நிறுத்திவிட்டு வந்து சொல்கிறான், "நாளைக்கு வரவாணாம்னாங்க யம்மா."

வாலாஜாவில் வெல்லம் விற்கிறவர்களுக்குச் சாமுவேல் மேஸ்திரியின் சாவிக்கொத்து எப்படித் தெரிந்தது? அன்று ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. இவரோ குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார். யாரோ சொல்லிவிடுகிறார்கள். யார் என்று மட்டும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு சுகரா பேகத்தின் மேல்கூட ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. பாவம், அவளுக்கு வாலாஜா எந்தத் திசை என்றே தெரியாது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸும் ரம்ஜானும் ஒட்டிக்கொண்டு வந்தன. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில் சுகரா பேகத்திடம் பண்டிகை நாளைக்கா மறுநாளா என்று கேட்டேன்.

"பிறை தெரிஞ்சா நாளைக்கு, இல்லேன்னா மறுநா. அல்லாவுக்குத்தான் தெரியும் அமிர்தம்மா. ஷாப்பு சாயபுவுக்கே தெரியாது, ஒங்களுக்கு நான் எப்படிச் சொல்றது?" என்று சிரித்தாள்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. எந்தக் காலண்டரிலும் நிச்சயமில்லாத லீவு இது. பொழுது சாய்ந்து பிறை தெரிந்தால், விடிந்தால் லீவு. சாமிநாதன் வண்டி கட்டி வருவதற்குள் நான் வாலாஜாவில் இருப்பேன்.

வேலைக்குக் கிளம்பும்போது இவரிடம் சொன்னேன். "இன்னிக்குப் பிறை தெரிஞ்சா நாளைக்குக் கமலத்தைப் பார்க்கப் போறோம்."

துண்டை உதறியவர் அப்படியே நின்றார். "நாளைக்கேவா? சொல்லி அனுப்பாம எப்படிப் போறது?"

"நம்ம பொண்ணைப் பார்க்கப் போறதுக்கு எதுக்குத் தாக்கல் சொல்லி அனுப்பணும்?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மத்தியானம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஷாப்புக்குப் போனேன். சாமுவேல் மேஸ்திரி என்னைப் பார்த்து, "இன்னாம்மா, ஆதிகேசவன் காலையிலேர்ந்து மானத்தையே பார்த்துக்கினு நிக்கிறாரு? பிறை தெரியுமா தெரியுமான்னு எல்லாரையும் பேஜார் பண்றாரே, நோன்பு கீன்பு இருக்காரா?" என்று கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் இந்த ஷாப்பில் இருந்து ஒரு நாளும் பிறையைப் பற்றிக் கவலைப்படாத மனுஷன் இவர். பெண்ணைப் பார்க்கிற ஆசையா, பயமா? ஆசைப்படுகிறவன் முகம் அப்படிச் சுண்டிப் போகாது.

சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டார். உடம்பெல்லாம் பட்டைத் தூசி. கால் கழுவக்கூட இல்லை.

"பிறை தெரியல அமிர்தம். மேகம் ஜாஸ்தி. நாளைக்கு வேலை உண்டுன்னு சாயபு சொல்லிட்டாரு."

அவர் வாய் மூடவில்லை, மசூதியில் நகரா முரசு அடித்தார்கள். தெருவே கூச்சல் போட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுகரா பேகம், "அமிர்தம்மா! பிறை வந்துட்டுது! வெளிய வந்து பாருங்க!" என்று கூவினாள்.

நான் வெளியே போய்ப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தேன்.

"நீங்கதானா சொல்லி அனுப்புறது?"

தலையைக் குனிந்துகொண்டார். ஏன் என்று கேட்டேன், கெஞ்சினேன், திட்டினேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். "போவாத அமிர்தம். தை பொறக்கட்டும்," என்று மட்டும் சொன்னார். தையில்தான் எங்கள் சின்ன மகள் தேவகிக்குக் கல்யாணம்.

"நீங்க வந்தா வாங்க, வராட்டி போங்க. நான் முதல் வண்டிக்குப் போறேன்," என்றேன்.

விடிகாலையில் நான் கிளம்பியபோது அவரும் பின்னாலேயே வந்தார். புதுத் துணியும் அத்தருமாகத் தெருவெல்லாம் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தது. ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். கமலம் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வாலாஜாவில் கதவைத் தட்டினேன். திறந்தது என் மகள் இல்லை. மஞ்சள் பூசிய முகம், கழுத்தில் புதுத் தாலி, நிறைமாத வயிறு. என்னை யார் என்று தெரியாமல் விழித்தவள், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்க மாமா. பட்டை வாங்க வந்தீங்களா? போன தபா வந்தப்பகூட ஒண்ணும் சாப்பிடாமப் போய்ட்டீங்களே."

திரும்பினேன்.

"இவளை உங்களுக்குத் தெரியுமா?"

"பங்குனியில பட்டை வாங்க ஷாப்புல அனுப்பினாங்க, அப்ப இங்க வந்தேன். அப்பவே இவளைக் கட்டிக்கினு வந்திருந்தாரு மாப்பிள்ளை. கமலத்துக்குக் கொழந்தை இல்லேன்னு. வாழாவெட்டின்னு ஒருத்தி வீட்ல வந்து ஒக்காந்தா தேவகியை யாரு கட்டுவான்? நீ பார்த்தா விட்டுட்டு வர மாட்ட. தேவகி கல்யாணம் முடியட்டும்னுதான் பல்லைக் கடிச்சிக்கினு இருந்தேன் அமிர்தம்."

"ஒரு பொண்ணுக்குத் தாலி ஏற இன்னொரு பொண்ணைப் பலி குடுத்தீங்களா? உங்களுக்கு மனசு எப்படித்தான் வந்துச்சு?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். உள்ளேயிருந்து சம்பந்தியம்மா ஓடி வந்தாள். அவளைத் தள்ளிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன்.

கமலம் மாட்டுக் கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தாள். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன், அவள் பதறினாள். சாணிக் கையைப் புடவையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"இன்னிக்கு லீவாம்மா? எனக்குத் தெரியாதே. யாரும் சொல்லலியே. மூட்டை கட்டாம விட்டுட்டேனே!"

"இன்னா மூட்டைடி?"

"அப்பா ஒவ்வொரு தபாவும் சாமிநாதன்கிட்ட சொல்லி அனுப்புவாரு இல்ல, லீவு வருது, அமிர்தம் கெளம்புவான்னு. அத்தை பேசறது காதுல விழும். எப்படியும் நீ வந்துடுவேன்னு துணியெல்லாம் கட்டி வெச்சிட்டு வாசலையே பார்த்துக்கினு இருப்பேன். ஜூபிலிக்குக் கட்டினேன். தீபாவளிக்குக் கட்டினேன். முந்தாநாள்கூடக் கட்டினேம்மா. நேத்துதான் அவுத்தேன்."

இவர் கொல்லை வாசற்படியில் நின்றிருந்தார். கமலம் அவரைப் பார்த்து, "வாங்கப்பா," என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"மூட்டையும் வாணாம் ஒண்ணும் வாணாம். கையைக் கழுவிட்டு வாடி," என்றேன்.