தட்டிப் பார்க்க விடாத படகு

பழைய படகு வாங்கப் போகிறவர் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்க வேண்டும். திருகுவதற்கு அல்ல, தட்டுவதற்கு. ஃபைபர் படகின் மேல்தோல் பளபளவென்று இருக்கும். உள்ளே தண்ணீர் இறங்கி ஊறிப் போயிருந்தாலும் வெளியே தெரியாது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து அதன் கைப்பிடியால் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் 'டங்' என்னும், கெட்ட இடம் 'பொத்' என்று இழுக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். சொல்லிக் கொடுத்ததோடு சரி. போன இடத்திலெல்லாம் தட்டியது நான்தான். அவர் தட்டினால் படகுக்கு வலிக்குமோ என்று யோசித்துக்கொண்டு நிற்பார்.

நான் சொல்ல வந்த படகுக்கு முன் பார்த்தவற்றைப் பற்றிப் பேசினால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். ஒன்றில் மோட்டார் மாட்டுகிற பின்பலகையை அழுத்தினேன், கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. இன்னொன்றில் படகைவிட ஒட்டு அதிகம். உருப்படியாக இருந்த ஒரே படகின் விலையைக் கேட்டதும், அவர்கள் நீட்டிய டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டோம். கையில் இருந்ததோ கொஞ்சம் பணம்தான். அதற்குள் ஒரு படகு கிடைத்தாக வேண்டும்.

கிடைக்காவிட்டால் இவர் கப்பலுக்குப் போய்விடுவார். வேறு நாட்டுக் கடலில் மாதக்கணக்காகக் கரையே பார்க்காமல் மீன் பிடிக்கிற பெரிய கப்பல். ஏஜெண்ட் இடம் பிடித்து வைத்திருந்தான், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படிப் போனவர்தான். இப்போது அந்த வீட்டில் அவர் ஒரு போன் குரல், அவ்வளவுதான். சின்னப் பிள்ளை போனைப் பார்த்து "அப்பா" என்று கும்பிடுகிறது. எனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். எனக்கு இந்த மனுஷன் வேண்டும், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு துண்டை மறந்தது ஞாபகம் வருகிற இந்த மனுஷன்.

துண்டு வேண்டுமென்றால் வாயால் கேட்க மாட்டார். உள்ளேயிருந்து கதவில் ஒரு தட்டு தட்டுவார். அது படகுப் பழக்கம். மோட்டார் சத்தத்தில் முன்னால் இருப்பவன் பேசுவது பின்னால் இருப்பவனுக்குக் கேட்காது. அதனால் படகின் ஓரத்தில் தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் 'இங்கே வா'. பதிலுக்கு இரண்டு தட்டு என்றால் 'வரேன்'. நானும் சமையலறைச் சுவரில் இரண்டு தட்டிவிட்டு, ஆற அமர வேலையை முடித்துவிட்டுத்தான் துண்டை எடுப்பேன். உள்ளே ஈரத்தோடு நின்று அவர் முணுமுணுப்பது கேட்கும். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அந்தப் படகைக் காட்டியது புரோக்கர். வாயைத் திறந்தால் சத்தியம் பண்ணுவதால் அவருக்குச் சத்தியம் என்றே பெயர் விழுந்துவிட்டது. "சத்தியமா சொல்றேன்மா, பாத்தா விட மாட்டீங்க" என்று கூட்டிப் போனார். தகரக் கொட்டகைக்குள் நின்றது. உள்ளும் புறமும் புது நீலப் பெயிண்ட். மோட்டார் சுத்தம். விலை எங்கள் கைக்கு அடங்கியது. அதுதான் எனக்கு இடித்தது. இந்தக் காசுக்கு இந்தப் படகு என்றால் எங்கேயோ உதைக்கிறது.

விற்பவன் முப்பது வயதுக்காரன், கொட்டகைச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு தூரத்திலேயே நின்றான். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"தட்டாதீங்க!"

கொட்டகையே அதிர்ந்தது. இவர் என் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

"ஏன் தம்பி?"

"பெயிண்ட் காயலக்கா."

விரலால் தடவிப் பார்த்தேன், காய்ந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. "தட்டிப் பாக்காம எவன் படகு வாங்குவான்? காதுல பூ சுத்துறியா?" என்றேன். அவன் விரலில் சாவி சுற்றுவது நின்றது. நெற்றி முழுக்க வியர்த்திருந்தது.

வெளியே வந்ததும் சத்தியம் குரலைத் தாழ்த்தினார். "சத்தியமா படகுல ஒரு குறையும் இல்லம்மா. போன வருஷம் காத்துல கவுந்துச்சு. இவன் அண்ணன் அதுலதான் போயிட்டான். மோட்டார் தலையில அடிச்சு அங்கேயே முடிஞ்சுதாம். அண்ணன் பொண்டாட்டி விக்கச் சொல்றா. இவன் யாரையும் தட்ட விட மாட்டேங்கிறான். வர்றவன் எல்லாம் உள்ள ஊறியிருக்குன்னு நெனச்சுட்டுப் போயிடறான். விலை இறங்கிட்டே வருது."

இவர் முகம் சுருங்கிவிட்டது. "ஆள் போன படகு. வேணாம்."

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல எத்தனை பேர் போயிருப்பாங்க? குடல்வால் ஆபரேஷனுக்கு நீங்க அதுல படுத்துக் குறட்டை விடலையா?"

ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று பேசி முடித்தேன்.

மறுநாள் காலையில் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். அண்ணனின் மனைவியும் கரைக்கு வந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் இருக்கும், அதிகம் பேசாதவள். "நீயும் கூடப் போ தம்பி. படகைப் பத்தி அவங்க ஏதாச்சும் கேப்பாங்க" என்றாள். அவன் மென்று முழுங்கினான். படகின் ஓரத்தைப் பிடிக்காமலே ஏறினான். முன்முனையில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். நான் நடுப்பலகையில். இவர் பின்னால் மோட்டாரைப் பிடித்திருந்தார்.

படகு அருமையாகப் போனது. ஒரு பக்கம் இழுக்கவில்லை, குதிக்கவில்லை. இவர் முகத்தில் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத ஒரு சிரிப்பு. எனக்குள் கணக்கு ஓடியது: முடிந்தது, இந்த ஆள் எங்கேயும் போகப் போவதில்லை.

அப்போதுதான் இவர் முன்னால் இருந்தவனிடம் ஏதோ கேட்க நினைத்தார். கேட்பதற்குப் பழக்கம் எதுவோ அதைச் செய்தார். படகின் ஓரத்தில் ஒரு தட்டு.

முன்னால் உட்கார்ந்திருந்தவன் திரும்பவில்லை. அவன் கை மட்டும் தானாக நகர்ந்து இரண்டு தட்டுத் தட்டியது.

பிறகு அவன் தன் கையைப் பார்த்தான். யாருடைய கையோ தன் மடியில் கிடப்பதைப் போலப் பார்த்தான். அப்படியே படகின் அடித்தளத்தில் சரிந்து முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். இவர் மோட்டாரை நிறுத்தினார். அந்த அமைதியில் தண்ணீர் படகின் அடியில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மோட்டார் தலையில அடிக்கலக்கா" என்றான். "அண்ணன் உள்ள உயிரோடதான் இருந்தான்."

நாங்கள் கேட்காமலே சொன்னான். படகு கவிழ்ந்ததும் இவன் எப்படியோ அடிப்பாகத்தின் மேல் ஏறிப் படுத்துவிட்டான். அண்ணன் உள்ளே மாட்டிக்கொண்டான். காலில் வலை சுற்றியிருந்தது. கவிழ்ந்த படகுக்குள் கொஞ்சம் காற்று நிற்கும். அதற்குள் தலையை வைத்துக்கொண்டு கீழேயிருந்து ஒரு தட்டுத் தட்டினான். இங்கே வா.

"நான் ரெண்டு தட்டுனேன். யோசிக்கவே இல்லக்கா, கை தானா தட்டுச்சு. வரேன்னு சொல்லிட்டேன். ஆனா போகல. அலை அப்படி இருந்துச்சு. கைய விட்டா நானும் போயிருப்பேன். பயந்துட்டேன்."

"விடு தம்பி, யாரா இருந்தாலும்..." என்று இவர் ஆரம்பித்தார்.

"அதில்லண்ணே. நான் ரெண்டு தட்டுனதுக்கு அப்புறம் அவன் தட்டவே இல்ல. உள்ள வேற சத்தமும் இல்ல. தம்பி வரான்னு சும்மா இருந்துட்டான். வலைய அறுக்கக்கூட பாக்கல. இடுப்புல கத்தி இருந்துச்சுண்ணே. அவனை எடுத்தப்ப கத்தி உறையிலயே இருந்துச்சு."

இவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு மோட்டாரைக் கிளப்பினார். கரை சேரும்வரை அதைத் தவிர யாரும் எதையும் தொடவில்லை. நானும் அவனும் படகின் ஓரத்தில் படாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

கரையில் இவர் என்னைத் தனியே இழுத்துப் போனார். "இது வேணவே வேணாம். நான் கப்பலுக்கே போறேன்."

எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் படகில் இனி ஒரு நிமிஷம் உட்கார எனக்கே தைரியம் இல்லை. ஆனால் 'கப்பல்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பயமெல்லாம் கோபமாகிவிட்டது.

"உள்ள காத்திருந்து செத்தவருக்குப் பயந்து உங்கள அனுப்பிட்டு, நான் இங்க காத்துக் கிடக்கணுமா?"

"வாங்கினாலும் தட்டிப் பாக்காம வாங்க முடியுமா? அவன் விடுவானா?"

"நான் பாத்துக்கறேன்" என்று வாய் சொல்லிவிட்டது. எப்படி என்று எனக்கே தெரியாது.

நேரே அவனிடம் போனேன். "தம்பி, அடிப்பாகத்தப் பாக்கணும். படகைக் கவுத்துப் போட்டுத் தட்டணும். உன்னால நிக்க முடியலன்னா வீட்டுக்குப் போ" என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். போகவில்லை.

கரையில் நின்ற ஆட்களைச் சத்தியம் திரட்டினார். மோட்டாரைக் கழற்றிவிட்டு, பழைய டயர்களை அடுக்கி, அவற்றின்மேல் படகைக் கவிழ்த்து வைத்தார்கள். ஓரத்துக்கும் மணலுக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது. உள்ளே இருட்டு.

நான் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். டங். ஒரு சாண் தள்ளி இன்னொன்று. டங். எல்லா இடமும் கெட்டி. சந்தோஷப்பட வேண்டியவள் ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் என்னையறியாமல் நின்றேன், காதைப் படகின் பக்கம் சாய்த்துக்கொண்டு. எதற்கு நிற்கிறேன் என்பது பாதிப் படகு தாண்டிய பிறகுதான் உறைத்தது. நான் தட்டிக்கொண்டிருந்தது எல்லாம் ஒற்றைத் தட்டு. இங்கே வா, இங்கே வா என்று வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

முன்முனைக்குப் பக்கத்தில் இன்னொரு முறை தட்டினேன். டங்.

பதில் வந்தது. இரண்டு தட்டு.

ஸ்க்ரூடிரைவர் என் கையிலிருந்து மணலில் விழுந்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தம்பி உள்ளங்கையைப் படகின் மேல் வைத்தபடி நின்றான். பிறகு மண்டியிட்டு, தலையைக் குனிந்து, இடைவெளி வழியாக உள்ளே தவழ்ந்து போனான். கடைசியாக அவன் பாதங்கள் தெரிந்தன. அப்புறம் அவையும் இல்லை.

இவர் அவனை வெளியே இழுக்கப் பாய்ந்தார். "விடுங்க" என்று தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்று தெரியாது. அவன் போகட்டும் என்று பட்டது.

அண்ணனின் மனைவி தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள். "கடல்ல உங்ககிட்ட என்ன சொன்னான்?" என்று என்னிடம் கேட்டாள்.

இவர் மணலைப் பார்த்தார். சத்தியம் வாயைத் திறந்து மூடினார். மோட்டார் அடித்தது, வலியே தெரிந்திருக்காது என்று நானும் சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"உள்ள உயிரோட இருந்தாராம் அக்கா. ஒரு தட்டுத் தட்டினாராம். தம்பி ரெண்டு தட்டினானாம். போக முடியலையாம்" என்றேன். கத்தியைப் பற்றிச் சொல்லவில்லை.

படகுக்காரன் பெண்டாட்டிக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அவள் குடத்தை மணலில் அமுக்கி வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். கவிழ்ந்த படகைச் சுற்றி வந்து, அவன் போன இடத்தில் நின்றாள். கத்தப் போகிறாள், அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் தட்டவில்லை. நேராகக் குனிந்து உள்ளே போனாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவன் அழுகிற சத்தம் படகுக்குள் முட்டி மோதிக்கொண்டு வந்தது. அதன் நடுவே அவள் குரல், வார்த்தை புரியாமல், தாழ்வாக. அவள் திட்டினாளா தேற்றினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சத்தியம் முதல் தடவையாக எந்தச் சத்தியமும் பண்ணாமல் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது அவள் முழங்கால் முழுக்க மணல். கண் சிவந்திருந்தது. "சத்தம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

"எல்லா இடமும் நல்லா இருக்குக்கா."

"அப்ப எடுத்துக்கோ." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி இவரைப் பார்த்தாள். "இதுல யாரும் தட்டிக் கூப்பிட வேணாம் தம்பி. வாயால கூப்பிடுங்க."

இவர் கப்பலுக்குப் போகவில்லை. அந்தப் படகில்தான் போகிறார். கூட வருகிற ஆளிடம் மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி மாலையில் குரல் கட்டி வருகிறார். கரையில் எல்லோரும் கிண்டல் பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

வீட்டிலும் தட்டுவதை விட்டிருந்தார். போன வாரம் மறந்துவிட்டார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். குளியலறைக் கதவில் ஒரு தட்டுக் கேட்டது.

என் கை சுவருக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். அடுப்பை அணைக்கவில்லை. கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு ஓடினேன். பின்னால் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தவர் திகைத்துப் போனார். "எதுக்கு இப்படி ஓடி வர்ற? துண்டுதானே?"

துண்டைக் கொடுத்தேன். அவருடைய ஈரக் கையை மட்டும் கொஞ்ச நேரம் விடவில்லை.