இருபத்துநாலு நாள் லீவு

எங்கள் ஜெலாப்பாங் ஊர்க் கையுறை ஆலையில் நானூறு பேருடைய லீவு அட்டைகளும் என் மேசையில்தான் இருந்தன. எடுக்காத லீவு டிசம்பரோடு போய்விடும் என்பது விதி. அதில் ஒரு நாளைக்கூட நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சாரதாதேவி கல்நெஞ்சக்காரி என்று என் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரே ஒருவருக்கு மட்டும் விதியை வளைத்தேன். ஸ்டோரில் வேலை செய்த பத்துமலைக்கு. ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் கல்யாணத்துக்கு வேண்டும் என்று லீவே எடுக்காமல் சேர்த்தார். காய்ச்சலோடுகூட வேலைக்கு வந்தார். நான் வீட்டில் பேச வேண்டியதுதான் பாக்கி. நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துப் பையன் என்று அவரிடம் வாயைத் திறக்கவே எனக்கு நடுக்கம். தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளினேன். டிசம்பர் வந்தால் பத்துமலையின் லீவை மேனேஜருக்குத் தெரியாமல் அடுத்த வருட அட்டையில் ஏற்றிவிடுவேன். இப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன்.

1986இல் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அவருடைய பழைய லீவையும் சேர்த்து எல்லாருடைய கணக்கையும் நானே அதில் தட்டி ஏற்றினேன். இனி வருடம் முடிந்தால் மிச்ச லீவை அதுவே அழித்துவிடும், யார் கெஞ்சினாலும் கேட்காது.

“இந்த டிசம்பரோட எல்லாம் போயிரும்,” என்றேன் பத்துமலையிடம்.

“அப்ப அதுக்குள்ள உங்கப்பாகிட்ட பேசிரு லா. எங்கம்மா பொண்ணு பாத்துக்கிட்டு நிக்குது. இதுக்கு மேல என்னால தள்ள முடியாது.”

பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. அப்படியொரு கோழை நான்.

டிசம்பர் முதல் வாரத்தில் அவரே லீவு பாரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். இருபத்துநாலு நாள். காரணம் என்ற இடத்தில் கல்யாணம் என்று எழுதியிருந்தார்.

“பொண்ணு யாரு?”

“தைப்பிங் பக்கம். அம்மா பாத்தது.” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னும் ஒரே ஒரு மாசம்...”

“ரெண்டு வருசம் இருந்தேனே, சாரதா.”

கம்ப்யூட்டரில் அவருடைய எண்ணைத் தட்டினேன். லீவு போதாது என்று அந்தப் பெட்டி சொல்லித் தொலைக்கக் கூடாதா என்றிருந்தது. எப்படிச் சொல்லும்? ஒரு நாள் குறையாமல் காத்துவைத்தவள் நான்தானே. எனக்கென்று சேர்த்த லீவை இன்னொருத்திக்காக என் விரலாலேயே கழித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போயும் அழுகை நிற்கவில்லை. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னவென்று கேட்டார். தோட்டத்துப் பையன் ஒருவனை விரும்புகிறேன் என்று மட்டும் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“இதுக்கே பிள்ளை இப்பிடி அழுகிறாய்? நல்ல பெடியனெண்டால் எனக்கென்ன? ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா, பாப்பம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பத்துமலைக்குக் கல்யாணம்.