குழாயடி மௌனம்

எங்கள் ஊரில் யாராவது போனை நீட்டினால் நாங்கள் சிரித்துக்கொண்டு நிற்க மாட்டோம். முதலில் பெயர், அடுத்து வார்டு, அப்புறம் குறை. மனு கொடுத்துக் கொடுத்து அப்படியே பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தில்தான் நான் ஏமாந்தேன்.

ராஜபாண்டி என் அண்ணன் மகன். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து இசை, கவிதை, அன்றாடக் காட்சி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் படம் எடுக்கிறானாம். ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் கொட்டாவி விடுவார். பின்னால் பியானோவில் ஒரு கட்டை விழும். அடுத்த கட்டை விழுவதற்குள் நாம் உலை வைத்து இறக்கிவிடலாம். பிறகு இவன் குரல் வரும்: "காலம் வாய் திறக்கிறது." அட கிரகமே, அவர் ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்டா!

வைகை அணை எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் எங்கள் தெருவுக்குப் பதினெட்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் போடுகிற ஒச்சாண்டியிடம் கேட்டதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஒருநாள் காலையில் அவனைக் குழாயடியில் மடக்கிப் பிடித்தேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி அந்த நேரம் ராஜபாண்டி கேமராவோடு வந்தான்.

"நல்லாப் பிடிச்சுக்கய்யா" என்று சொல்லிவிட்டு கேமராவைப் பார்த்தேன். "எம் பேரு கருத்தம்மாள், நாலாவது வார்டு. பதினெட்டு நாளாத் தண்ணியில்ல. கேட்டா மோட்டார் ரிப்பேருங்கிறாக. பஞ்சாயத்துத் தலைவரு தென்னந்தோப்புக்கு மட்டும் அந்த ரிப்பேரான மோட்டார் எப்படி ஓடுது?"

ராஜபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "அருமை அத்தே" என்றான். இனி கலெக்டர் வரைக்கும் போய்விடும் என்று பக்கத்து வீட்டுச் சந்தனம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த மாதம் தேனியில் ஒரு மண்டபத்தில் படத்தைக் காட்டினான். பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்றதும் எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் வேன் பிடித்துப் போனோம்.

திரையில் நான். வாய் அசைகிறது, கை ஆடுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. பியானோவில் ஒரு கட்டை விழுந்தது. "இவள் பேசாத சொல்லில் நதி உறங்குகிறது" என்றான் ராஜபாண்டி மைக்கில்.

பேசாத சொல்லா? தொண்டை கிழியக் கத்தினேனேடா, பாவி!

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து நின்று, திரையில் என் வாய் அசைகிற அசைவுக்குச் சரியாக, "எம் பேரு கருத்தம்மாள், நாலாவது வார்டு" என்று ஆரம்பித்தேன். பதினெட்டு நாளை மட்டும் நாற்பத்தாறு என்று திருத்திக்கொண்டேன். சந்தனம்மாளும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒச்சாண்டி பெயர், தலைவர் பெயர், தோப்பில் தென்னை எத்தனை, எதையும் விடவில்லை.

மண்டபமே எழுந்து கைதட்டியது. அதிகாரி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னமா நடிக்கிறீங்கம்மா! தண்ணியே இல்லாத மாதிரி அப்படியே கொண்டுவந்துட்டீங்க!"

"நடிப்பில்லைய்யா, நெசம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார்.

மறுநாள் ராஜபாண்டி வீட்டுக்கு வந்தான். "அத்தே, மதுரையில கூப்பிட்டிருக்காக. அங்கனயும் இதே மாதிரி கோவப்படணும்."

"அதுக்குள்ள தண்ணி வந்துட்டா எனக்கு எப்படிடா கோவம் வரும்?"

"தண்ணி வராது அத்தே. நீங்க மண்டபத்துல பேரைச் சொன்னதுல ஒச்சாண்டி மாமா பயந்துபோயி, காலையில வால்வைத் தொறக்கப் போனாரு. மதுரை முடியட்டும்னு நான்தான் கையப் பிடிச்சு நிறுத்திட்டு வாறேன்."

மதுரை வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. அவன் கேட்ட கோபத்தை வாசலில் வைத்தே கொடுத்தேன். மூன்று தெருவுக்குக் கேட்டது.