குப்புறப் படுத்தவர் கேட்ட கேள்விகள்

ருமேனிய மொழிப் பரீட்சையில் ஸ்மரண்டா இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். கணக்கில் தேறிவிட்டாள், உயிரியலில் தேறிவிட்டாள், பிறந்ததிலிருந்து பேசுகிற தாய்மொழியில்தான் மண்ணைக் கவ்வினாள். நாற்பத்து நான்கு வயதில் இதைவிட மானக்கேடு வேறென்ன வேண்டும்? அந்த ஒரு தாள் தேறினால்தான் பள்ளியிறுதிச் சான்றிதழ். அது இருந்தால்தான் நர்ஸ் படிப்பில் இடம்.

புக்கரெஸ்டில் ஒரு கண் மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக அவள் உதவியாள். தரை துடைப்பது, படுக்கை மாற்றுவது, மலச்சட்டி எடுப்பது. போன குளிர்காலத்தில் ஒரு நோயாளி வலியில் முனகியபோது, "இது சாதாரண வலி மாதிரி இல்ல" என்று ஓடிப்போய்ச் சொன்னாள். "நீ உன் வேலையைப் பாரு" என்றார்கள். அந்த மனிதருக்குக் கண் போயிற்று. தன் பேச்சு எடுபடவேண்டுமானால் நர்ஸ் உடுப்புதான் வழி என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பாடத்தில் உள்ள கதைகளைத் தொடவில்லை. கதைகளுக்கான விளக்கவுரைகளைக் கடையில் வாங்கி, வரி பிசகாமல் உருப்போட்டாள். அந்த நாட்டில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் கரையேறுகிறார்கள். ஆனால் தாளின் தொடக்கத்தில் யாரும் முன்பின் பார்த்திராத பகுதி ஒன்றைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். அங்கே இவள் பேய் அறைந்தவள் போல உட்கார்ந்துவிடுவாள்.

மூன்றாவது முயற்சிக்கு ஆறு வாரம் இருக்கும்போது கோஸ்டின் வந்து சேர்ந்தார். ஜுர்ஜு எல்லைப் பாலத்தில் சுங்க அதிகாரி, ஐம்பது வயது. விழித்திரை கிழிந்து அறுவை முடிந்திருந்தது. கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருந்ததால் எட்டு நாள் குப்புறவேதான் கிடக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஓட்டை, அதில் முகம், கீழே தரை. அவ்வளவுதான் அவருடைய உலகம்.

"யாரும்மா அங்க, செத்தவங்களுக்கு ஜெபம் ஓதுறது?" என்றார் முதல் நாளே.

ஸ்மரண்டா துடைப்பத்தை நிறுத்தினாள். "ஜெபம் இல்ல சார். பரீட்சைக்குப் படிக்கிறேன்."

"எங்க, சத்தமா சொல்லு."

"கிராம வாழ்வின் முரண்களை உளவியல் ஆழத்துடன் ஆசிரியர் சித்திரிக்கிறார்..."

"அப்படின்னா?"

"தெரியாது சார்."

"பேஷ்! தெரியாததை எவ்வளவு அழகா சொல்ற!"

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் பொய் சொன்னாரா, இல்லையே. மறுநாள் அவரே கூப்பிட்டார். "ஏம்மா, அந்த மந்திரத்தை விட்டுட்டு எனக்கு ஏதாவது கதை வாசியேன். தரையில இருக்கிற கோடெல்லாம் எண்ணி முடிச்சாச்சு."

தலைமை நர்ஸ் வியோரிகா மதிய இடைவேளையில் அரை மணி நேரம் அனுமதித்தாள். யாரோ விட்டுப்போன, அட்டை கிழிந்த நாவல் ஒன்று அலமாரியில் கிடந்தது. ஸ்மரண்டா முக்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். ஆற்றங்கரை ஊரில் ஒரு கல்யாணம். ஒரு பக்கம் முடிவதற்குள் கட்டிலுக்கடியிலிருந்து குரல் வந்தது.

"நிறுத்து. இந்தப் பக்கத்துல என்ன கடத்துறாங்க?"

"கல்யாணம் சார். கடத்தல் எல்லாம் இல்ல."

"லாரிக்காரன் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவான். யாரு வாயே திறக்கல, பாரு."

பெரிய தொல்லையாப் போச்சே என்று அவள் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தாள். எல்லோரும் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், குடிக்கிறார்கள். பெண்ணின் அப்பா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் தடவை வாசித்தபோது அந்த மனிதர் இருந்ததே அவள் கண்ணில் படவில்லை.

"பொண்ணோட அப்பா சார்."

"ஏன் பேசல?"

"எனக்கென்ன தெரியும்?"

"ஊகிச்சுச் சொல்லு. தப்பா இருந்தா என்ன, ஜெயில்லயா போடப் போறாங்க?"

அன்றைக்கு அரை மணியில் நாலு பக்கம்தான் ஓடியது. எரிச்சலோடுதான் எழுந்து போனாள். ஆனால் சாயங்காலம் டிராமில் வீட்டுக்குப் போகும்போது, அந்த அப்பன் ஏன் பேசவில்லை என்றே மனசு குடைந்தது. ஒரு புத்தகத்தைப் பற்றி அவள் அப்படி யோசித்ததே இல்லை.

அடுத்தடுத்த நாட்களில் அவருடைய அழிச்சாட்டியம் கூடிக்கொண்டே போனது. "லாரியைத் திறக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்பேன். எங்கேருந்து வர, யாருக்குக் கொண்டு போற, ஏன் இந்த வழியா வந்த? எதைத் தேடுறோம்னு தெரியாம திறந்தா பெட்டிதான் தெரியும், சரக்கு தெரியாது" என்பார். அத்தியாயம் தொடங்குமுன் இனி என்ன நடக்கும் என்று சொல்லவைப்பார். முடிந்ததும், "மேலதிகாரிக்கு ஒரே வரியில ரிப்போர்ட் குடு" என்பார். சந்தேகமான பெட்டியில் சாக்பீஸ் கோடு போடுவார்களாம். ஸ்மரண்டாவும் சந்தேகமான வரிகளில் பென்சில் கோடு போட்டாள். ஆறாம் நாள் அவள் ஊகித்தது அப்படியே நடந்துவிட்டது. மாப்பிள்ளைக்குத் தருவதாகச் சொன்ன தோணியைப் பெண்ணின் அப்பா ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தான்; அதனால்தான் கல்யாணத்தில் அவன் வாய் திறக்கவில்லை. ஸ்மரண்டா, "பாத்தீங்களா சார்! நான் அன்னிக்கே சொல்லல?" என்று கத்தியதில் அடுத்த கட்டிலில் தூங்கியவர் எழுந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் கோஸ்டின் வீட்டுக்குப் போனார். விளக்கவுரைப் புத்தகங்களை மூட்டை கட்டிவிட்டு, ஸ்மரண்டா கதைகளையே வாசித்தாள், ஒவ்வொரு பக்கத்தையும் எல்லையில் நிறுத்தி.

பரீட்சையில் வந்த பகுதியில், ஒரு தாய் வெளிநாடு போகும் மகனுக்கு ரயில் நிலையத்தில் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள். சுற்றிலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மடமடவென்று எழுத, அவள் இருபது நிமிடம் பேனாவைத் தொடவில்லை. யார் சொல்கிறார்கள்? யாருக்கு? யார் வாயே திறக்கவில்லை? தாய் ஒரு சொல் பேசவில்லை. ரொட்டியைத் திரும்பத் திரும்பக் காகிதத்தில் சுற்றுகிறாள். சுற்றி முடித்தால் ரயில் கிளம்பிவிடும் என்று பயப்படுகிறாள்! ஸ்மரண்டா அதையே எழுதினாள். உளவியல் ஆழம் என்ற சொல் அவள் தாளில் எங்கேயும் இல்லை.

பத்துக்கு ஏழு புள்ளி மூன்று ஐந்து. முதல் தடவை மூன்று புள்ளி ஒன்பது வாங்கியவள். ஆஸ்பத்திரி வாசலில், போனில் வந்த அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். வியோரிகா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே புளிப்புச் செர்ரி ஜாம் ஒரு பாட்டிலோடு ஜுர்ஜுவுக்கு பஸ் ஏறினாள். கோஸ்டின் கதவைத் திறந்தார். நிமிர்ந்து நிற்கிற அவரை அவள் அன்றைக்குத்தான் பார்க்கிறாள். அறுவை செய்த கண்ணில் பாதிப் பார்வை திரும்பியிருந்தது.

"பாஸாயிட்டேன் சார். எல்லாம் நீங்க கத்துக் குடுத்தது. இந்த நன்றியை நான் எப்படித் தீர்க்கப் போறேன்னே தெரியல."

அவர் முகம் சங்கடத்தில் சிவந்தது. "நானா? ஏம்மா, நான் பள்ளிக்கூடம் விட்டப்புறம் புத்தகத்தைத் தொட்டதே இல்ல."

"அப்போ அந்தக் கேள்வி எல்லாம்?"

"லாரிக்காரங்ககிட்ட கேட்கிறது நெசம். ஆனா..." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பார்வை வருமா வராதான்னு டாக்டரே சொல்லல. தரையைப் பாத்துட்டுக் கெடக்கேன். பயம்னா அப்படி ஒரு பயம். நீ வாசிக்கிற அந்த அரை மணி நேரம்தான் கொஞ்சம் மூச்சு விட்டேன். முதல் பக்கத்துலயே கொட்டாவி விட்டே. வேகமா வாசிச்சு முடிச்சு, சலிச்சுப்போயி, மறுநாள் வராம இருந்துட்டா? அதான் வாய்க்கு வந்ததைக் கேட்டு உன்னை இழுத்துப் பிடிச்சேன். நன்றி நான்தாம்மா சொல்லணும்."

ஸ்மரண்டா ஜாம் பாட்டிலை மேசையில் வைத்தாள். எட்டு நாளும் அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. குரலில் அதட்டலைத் தவிர வேறெதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது.

"நீங்க பயந்ததாலதான் சார் எனக்குப் படிப்பு வந்துச்சு. நீங்க பயந்ததுக்கு ரொம்ப நன்றி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோஸ்டின் விலா நோகச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜாமுக்கு ஸ்பூன் எடுத்துவர எழுந்தார்.