தோற்ற ஊருக்கு மழை

அறுபத்திரண்டாம் வருஷம் புரட்டாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, திருச்சுழி மைதானத்தில் நடந்த ஹாக்கி இறுதி ஆட்டத்தில் முள்ளிப்பொட்டல் சேந்தங்குளத்திடம் தோற்றது. அன்று சாயங்காலம் முள்ளிப்பொட்டலில் மட்டும் மழை பெய்தது. இரண்டு ஊருக்கும் நடுவிலிருந்த எல்லைக்கல்லின் ஒரு பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருக்க, மறுபக்கம் கை வைத்தால் சுட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பஸ், முன்சக்கரம் சேற்றிலும் பின்சக்கரம் புழுதியிலுமாக நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

அந்த மழை வந்த விதம் இப்படி. முள்ளிப்பொட்டலின் கோல்கீப்பர் வீரணன். ஆட்டம் முடியும் தறுவாயில் வந்த பந்து அவருடைய இடது காலைத் தாண்டிப் போய்விட்டது. ஆத்திரம் தாங்காத இளவட்டங்கள் ஊருக்கு வந்ததும் வைக்கோலில் ஒரு உருவம் கட்டி, அதன் காலில் வீரணனின் கால்காப்புப் பேடுகளை மாட்டித் தெருவில் இழுத்தார்கள். வானம் பொய்த்த வருஷங்களில் கொடும்பாவி இழுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஊர்ப் பாவத்தையெல்லாம் வைக்கோல் உருவத்தின் மேல் ஏற்றி, பெண்கள் பின்னாலேயே மாரடித்து அழுதுகொண்டு போனால் மழை இறங்கும். மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் உருவத்தைக் கண்டதும் யார், எதற்கு என்று கேட்கவில்லை. தலையை விரித்துப்போட்டு ஒப்பாரியைத் தொடங்கினார்கள். முச்சந்தி திரும்புவதற்குள் முதல் துளி விழுந்தது. கொளுத்த வைத்திருந்த தீப்பெட்டி நனைந்துபோனது.

வீரணனின் மனைவி வெள்ளைத்தாய், மடியில் வறுத்த கடலையைக் கட்டிக்கொண்டு எல்லா ஆட்டத்துக்கும் நடந்தே போகிறவள். பந்து எந்த ஹாக்கிக் கம்பிலிருந்து கிளம்பியது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவளையும் அழக் கூப்பிட்டார்கள்.

“நான் எப்பிடி அழுவேன்? அவுகதான் வீட்டுல உக்காந்து சோறு திங்காகளே” என்றாள்.

ஊர் அடங்கியதும் தெருவில் நனைந்து கிடந்த உருவத்தைத் தூக்கிவந்து, பேடுகளை அவிழ்த்து அடுப்போரம் காயவைத்தாள்.

அடுத்த வருஷமும் தோல்வி, அடுத்த வருஷமும் மழை. ஒரு தடவை கூடுதல் நேரத்தில், ஒரு தடவை பெனால்ட்டியில், ஒரு தடவை ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தபோது என்று, தோற்பதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையையும் முள்ளிப்பொட்டல் பார்த்துவிட்டது. ஒவ்வொரு புரட்டாசியும் வீரணன் வைக்கோலாகித் தெருவில் போனார். கம்பும் மல்லியும் விளைந்தன. சேந்தங்குளத்தில் கோப்பைகள் சேர்ந்தன, தண்ணீர் சேரவில்லை. கோப்பைகளைக் கழுவக்கூட அவர்கள் வண்டியில் பீப்பாய் கட்டிக்கொண்டு முள்ளிப்பொட்டலுக்கு வந்தார்கள். வெள்ளைத்தாய்க்கு ஒரே ஆசைதான் மிஞ்சியிருந்தது. ஒரே ஒரு தடவை தன் புருஷன் ஜெயித்து, தெருவில் தன் காலால் நடந்து வரவேண்டும். ஆனால் அவளும் மழையை நம்பிப் புழுதியில் விதை போட்டவள். அந்த ஆசையை வெளியே சொல்ல முடியாது.

எழுபத்துநாலில் எங்குமே மழை இல்லை. நரிக்குடிப் பக்கம் ஆடுகள் எருக்கிலையைத் தின்றன. அந்த வருஷ இறுதி ஆட்டத்துக்கு இரண்டு ஊரும் தோற்கத்தான் வந்தன.

“வர்ற பந்துக்கு வழி விடுப்பா” என்று முள்ளிப்பொட்டல் பெரிய மனுஷர் வீரபத்திரன் வீரணனிடம் சொன்னார். சேந்தங்குளத்தில் என்ன சொன்னார்களோ, பேர்போன அவர்களின் முன்னாட்டக்காரன் செல்லப்பாண்டி பந்தைக் கண்டதும் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்கினான். இருபத்திரண்டு பேர் நடுவே பந்து அநாதையாகக் கிடந்தது. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளைத்தாயால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தோல்வியெல்லாம் பொறுத்தவள். எழுந்து நின்றாள்.

“ஏலே செல்லப்பாண்டி, பன்னெண்டு வருசமா எங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டவன் நீதானா? கம்பு புடிக்கியா, மாடு பத்துறியா?”

கூட்டம் சிரித்தது. செல்லப்பாண்டிக்குக் காது சிவந்தது. பந்தை இழுத்து அடித்தான். வழி விடவேண்டிய வீரணன் எல்லாம் மறந்து இடது காலை நீட்டினார். பந்து பேடில் பட்ட சத்தம் குண்டாற்றங்கரைவரை கேட்டது. அதற்குப்பின் யாருக்கும் மழை ஞாபகம் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் முள்ளிப்பொட்டல் ஒரு கோல் போட்டது. ஜெயித்தது.

வீரணன் கோப்பையோடு நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைத்தாய், சந்தோஷப்படப் பயந்துகொண்டு வந்தாள். கருத்த மேகம் ஒன்று அவர்கள் தலைக்கு மேலேயே வந்து, நிற்காமல் சேந்தங்குளத்துக்குப் போனது. “கோப்பையக் கரைச்சுக் குடிப்போம்” என்றார் வீரபத்திரன். ஊர் முழுக்கக் களத்துமேட்டில் நின்று பார்த்தது. சேந்தங்குளத்தின் மேல் மழை வெள்ளித்தூண்போல் நின்றது. ராத்திரியிலும் அது வெளிச்சமாக இருந்தது. வீரணனை ஏச வந்தவர்கள்கூட அவர் பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்தார்கள்.

சேந்தங்குளம் கண்மாய் மேட்டில் இருக்கிறது. அது நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்தால் முள்ளிப்பொட்டல் கண்மாய்க்குத்தான் வரவேண்டும். நிறைந்ததைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லாததால் ஊருக்கு அது மறந்துபோயிருந்தது. ஒரு விடியலில் வறண்ட ஓடைக்குள் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. தண்ணீரோடு காலில் பேடு கட்டிய வைக்கோல் உருவம் ஒன்று மல்லாக்க மிதந்து வந்தது. சேந்தங்குளம் கோல்கீப்பர் பால்ச்சாமி.

வெள்ளைத்தாய் இறங்கி அதைத் தூக்கினாள். சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, எல்லைக்கல்லைத் தாண்டி, மழைக்குள் நடந்து பால்ச்சாமி வீட்டு வாசலில் நின்றாள். அவர் மனைவி பிச்சையம்மாள் கதவைத் திறந்தாள்.

“உங்க வீட்டுக்காரரு நல்லா நனைஞ்சுட்டாரு, தாயி. அடுப்போரமா காயப் போடு.”

பிச்சையம்மாள் உருவத்தை வாங்கிக்கொண்டாள். அதன் தலையிலிருந்து வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். பிறகு, “அந்தப் பந்த எடது காலால தடுத்திருக்கலாம்க்கா” என்றாள்.

“தடுத்திருக்கலாம்” என்று வெள்ளைத்தாய் உள்ளே வந்து உட்கார்ந்தாள். “எங்க அவுகளும் மொத வருசம் அந்த எடது காலுலதான் விட்டாக.”

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த பால்ச்சாமி, வைக்கோல் பால்ச்சாமிக்கு இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மழை பெய்துகொண்டிருந்தது.