அழைப்புமணியில் நொய்மன்

கீழ் வாசலில் இருந்த எங்கள் அழைப்புமணியில் என் கணவர் 'நொய்மன்' என்று எழுதி ஒட்டியபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. ஜெர்மனியில் வெளிநாட்டவர் குடியிருந்த வீடுகளுக்கு மொட்டைத்தலை இனவெறிப் பெடியன்கள் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். எசன் நகரில் நாங்கள் இருந்த மாடிவீட்டின் வாசலில் வரிசையாக மணிகள். எல்லாவற்றிலும் ஜெர்மன் பெயர்கள், ஒன்றில் மட்டும் எங்கள் பெயர். தெருவில் போகிற எவனும் நின்று வாசிக்கலாம். கறுப்பன் எங்கே இருக்கிறான் என்று தேடி அலையத் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய மொழி வகுப்பில் ஆசிரியை ஜெர்மன் குடும்பப் பெயர்களைப் படிப்பித்திருக்கிறார். முல்லர் என்றால் மாவு அரைக்கிற ஆலைக்காரன், ஷ்னைடர் தையற்காரன், கிறவுஸ சுருட்டைத் தலையன். யான்சன் என்றால் யான் என்பவனின் மகன். ஜெர்மனியின் வடக்கே முந்தித் தகப்பன் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயராம். "எங்கட மாதிரித்தான் பாரும்" என்று வந்து சொன்னார். நொய்மன் என்றால் ஊருக்குப் புதிதாக வந்தவன்.

"பொய்யும் இல்லை, ஜெயமலர். நாங்களும் புதுசா வந்த ஆக்கள்தானே."

சிரித்தேனே தவிர, அந்தக் கடதாசி எனக்கும் கொஞ்சம் நிம்மதியைத் தந்தது.

எனக்கு எங்கள் பெயரில் வேறொரு கரைச்சலும் இருந்தது. ஊரில் புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்வதில்லை. இங்கே வந்ததும் அதையே என் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். அரசாங்கக் கந்தோர்களில் பெயர் கேட்டால் அடையாள அட்டையை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

ஒக்டோபரில் ஒரு மத்தியானம் மகன் யதுசனுக்குத் தொய்வு இழுத்து மூச்சுத் திணறியது. மூன்று வயது. வழமையாக வாயில் மருந்து அடித்தால் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. நெஞ்சு உள்ளே ஒட்டி ஒட்டி வந்தது, உதடு நீலம் பாரித்தது. அவர் வேலையில். அம்புலன்ஸுக்கு அழைத்தேன். தெருவும் இலக்கமும் சொன்னேன். பெயர் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். மூச்சு முட்டுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெட்கமென்ன வெட்கம்? "அரியரத்தினம்" என்றேன். குரல் எழும்பவில்லை. அவள் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

சைரன் கேட்டதும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். வண்டி எங்கள் வாசலில்தான் நின்றது. இரண்டு பேர் இறங்கி மணிகளை வாசித்தார்கள். மேலிருந்து கீழ், பிறகு கீழிருந்து மேல். எங்கள் மணி அடிக்கவில்லை. ஒருவன் இல்லை என்று தலையை ஆட்டினான். இருவரும் அடுத்த கட்டடத்துக்கு நடந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வாசலில் அரியரத்தினம் என்று ஒருவர் இல்லை. நாங்களேதான் இல்லாமல் ஆக்கியிருந்தோம்.

யன்னலைத் திறந்து கத்தினேன். "அரியரத்தினம்! இஞ்சை! அரியரத்தினம்!" தமிழோ ஜெர்மனோ, வாயில் வந்ததெல்லாம் கத்தினேன். எதிர் வீடுகளில் யன்னல்கள் திறந்தன. பேருந்துத் தரிப்பில் நின்ற மொட்டைத்தலைப் பெடியன்கள் இரண்டு பேர் நிமிர்ந்து, என்னையும் யன்னலையும் நன்றாகப் பார்த்தார்கள். எனக்கு வீரம் ஒன்றும் வரவில்லை. பயத்தில் செத்துக்கொண்டேதான் கத்தினேன். அம்புலன்ஸ்காரர் திரும்பி ஓடி வரும்வரை நிறுத்தவில்லை.

ஆசுபத்திரியில், மூக்கில் ஒக்சிசன் குழாயோடு மகன் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் வேலை உடுப்போடு ஓடிவந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"பேரைச் சொல்லியே கத்தினனீர்? அந்தப் பெடியளுக்கும் கேட்டதோ?"

"பிள்ளை மூச்சு விடுறானோ எண்டு முதல்ல கேளுங்கோ!" எரிந்து விழுந்தேன்.

அவர் மகனின் நெஞ்சில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே அழுதார்.

மகனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவரே நொய்மனைக் கிழித்துப்போட்டு, எங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். பிறகு மேலே வந்து, தீ வைத்தால் ஊற்ற வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கதவடியில் வைத்து, பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். விடியும்வரை எழும்பவில்லை. நானும் மகனின் மூச்சைக் கேட்டுக்கொண்டு முழித்திருந்தேன்.