பவர் பிரஸ் சத்தம் போனில் வரவில்லை

ராத்திரி வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பகலில் தூங்கி, இரவில் யாரோ வெள்ளைக்காரர்களின் கிரெடிட் கார்டு கவலைகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கம்பெனி வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. நான் போகவில்லை. அவ்வளவுதான்.

சில மாதம் தாம்பரம் வீட்டில் சும்மா கிடந்தபின், திருமுடிவாக்கத்தில் அமீருதீன் பாயின் தகடுப் பட்டறையில் பகல் வேலை கிடைத்தது. எலெக்ட்ரிகல் பேனல் பெட்டி செய்பவர்கள் தங்கள் தகடுகளைக் கொண்டுவந்து பாயிடம் போடுவார்கள். பாய் அவற்றை வெட்டி, துளை போட்டு, வளைத்துக் கொடுப்பார். எந்தத் தகட்டில் என்ன துளை, எப்போது வேண்டும் என்று அவர்கள் போனில் சொல்வதை நான் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் மேசைக்கும், தகட்டை அடித்துத் துளை போடும் பவர் பிரஸ்ஸுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. சட்டம் மட்டும் அடித்திருந்தார்கள், கண்ணாடி இன்னும் வரவில்லை. பிரஸ் இறங்கும் ஒவ்வொரு முறையும் மேசைமேல் டீ கிளாஸ் தானாக நகரும். போனில் வருவது ஆண் குரலா பெண் குரலா என்பதே சந்தேகம். மூன்று தடவை "என்ன சார்?" என்று கேட்டபின் நான்காவது தடவை கேட்க வெட்கமாகிவிடும். "சரி சார்" என்று வைத்துவிடுவேன். எதற்குச் சரி சொன்னேன் என்பது சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

இரண்டாவது லோடு திரும்பி வந்த அன்று பாய் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா பாரு அச்சுதா. இன்னொரு வாட்டி ரிட்டன் வந்துச்சுன்னா நீ வூட்லயே இரு. உன் மேல எனக்குக் கோவம் இல்ல. தகடு என்னுது இல்ல, அதான் பேஜார்."

வீட்டில் இருப்பதென்றால் மறுபடியும் ராத்திரி வேலைதான். அப்பா ஏற்கெனவே என் பழைய டீம் லீடரின் நம்பரைத் தேடி எடுத்து வைத்திருந்தார்.

அந்தச் சத்தத்தில் போன் பேச என்ன ஹெட்போன் வாங்கலாம் என்று உமேஷைக் கேட்டேன். என்னோடு படித்தவன். எந்தப் பொருளையும் வாங்க மாட்டான், எல்லாவற்றைப் பற்றியும் வீடியோ பார்த்து வைத்திருப்பான்.

"நாய்ஸ் கேன்சலிங்னு காசைக் கொட்டாத மச்சான். அது ஏசி, ரயில் மாதிரி ஒரே சீரா வர்ற சத்தத்துக்கு. உன் பிரஸ் டமால் டமால்னு அடிக்குது. உனக்குக் காதையே அடைக்கணும். நல்லா டைட்டா உக்கார்ற இன்-இயர் வாங்கு."

"பஸ்ல வரும்போது பாட்டும் கேக்கணும்டா."

"உன் மூஞ்சிக்குப் பாட்டு வேறயா?"

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் நிகத் அக்காவின் ஹெட்போன் கடைக்குப் போனோம். அங்கே ஒரு சட்டம்: புதுசைக் காதில் வைத்தால் வாங்கியே ஆக வேண்டும். போட்டுப் பார்க்கத் தனியாக ஒன்று வைத்திருந்தார். அதைப் பஞ்சால் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"காதுல அழுக்கு இருக்கா?"

"இல்லக்கா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க."

ரப்பர் குமிழ் மூன்று அளவில் இருந்தது. நடு அளவு வலக் காதில் உட்கார்ந்தது, இடக் காதிலிருந்து விழுந்தது. இடது பக்கத்துக்குப் பெரியதைப் போட வேண்டியிருந்தது.

"உன் காதே ஜோடி சேரலடா" என்றான் உமேஷ்.

கடைக்குள் சத்தமே இல்லை. வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். "போங்க, இவர் இங்க இருக்கட்டும்" என்று அக்கா உமேஷைப் பிணையாக உட்கார வைத்தார். ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நேராக அவர் எதிரில் போய் நின்றேன். அவர் வாய் அகலமாகத் திறந்து மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது, எனக்கு ஏதோ லேசாக முனகல்தான் கேட்டது. சந்தோஷத்தில் தலையை ஆட்டினேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டலூர் போகிறவன் இல்லை என்று விளக்கி இறங்குவதற்குள் அவர் சொன்னதெல்லாம், நல்லவேளை, காதில் விழவில்லை.

"இதையே எடுத்துக்கறேன்" என்றேன்.

"மைக்கும் நல்ல மைக். நீங்க பேசறது மட்டும்தான் போகும். பக்கத்துல நாதஸ்வரம் வாசிச்சாலும் அந்தப் பக்கம் கேக்காது" என்றார் அக்கா. இலவசமாக ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரஸ் இறங்கியது, பக்கத்துத் தெருவில் யாரோ தலையணையைத் தட்டுவதுபோல் இருந்தது. முதல் போன் சிங்கப்பெருமாள் கோவில் சவுரிமுத்து அண்ணன். அவர் டீ உறிஞ்சுவதுகூடக் கேட்டது.

"யாருபா?"

"அச்சுதன்ணா. பாய் கம்பெனி. சொல்லுங்கண்ணா."

"எங்க கீற நீ?"

"ஆபீஸ்லதாண்ணா."

"மெஷின் ஓடலயா?"

"ஓடுதுண்ணா."

"சத்தமே காணோம்?"

"நல்ல மைக்ணா."

"நல்ல மைக்கா..." என்று இழுத்தார். ஆர்டர் சொல்லாமலே வைத்துவிட்டார்.

அடுத்து வண்டலூர் சிட்டிபாபு. அவரும் தகட்டைப் பற்றிப் பேசவில்லை. "பாய் இருக்காரா?" என்றார். டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றேன். "திரும்பி வருவாரா?" என்று கேட்டார்.

மதியம் யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பாய். ரொம்ப நேரமாகக் கத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும், முகம் சிவந்திருந்தது. வாசலில் ஒரு குட்டி யானை வண்டி நின்றது. சவுரிமுத்து அண்ணன் இரண்டு ஆட்களோடு வந்து தன் தகடுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பாதி ஏறிவிட்டது.

விஷயம் இதுதான். போன தீபாவளிக்கு முன் பின்தெருவில் ஒரு பட்டறை. போன் செய்தால் அமைதியாக, மரியாதையாக, "அடுத்த வாரம் ஆயிடும் சார்" என்றார்கள். பிறகு பார்த்தால் கேட்டில் பூட்டு, உள்ளே ஊரார் தகடு. அன்றிலிருந்து இந்த வியாபாரத்தில் யாரும் பேசுகிறவன் பேச்சைக் கேட்பதில்லை. அவனுக்குப் பின்னால் பிரஸ் அடிக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

"கண்ணு எதிர்லயே ஓடுது பாருண்ணே" என்றார் பாய்.

"இங்க ஓடுது. போன்ல ஓடலயே" என்றார் சவுரிமுத்து அண்ணன். "இந்தப் பையன் வேற எங்கியோ குந்திகினு பேசறான்."

சோதனை வைத்தோம். அவர் கேட் அருகே நின்று எனக்குப் போன் செய்தார். நான் மேசையிலிருந்து பேசினேன். அவருடைய ஒரு காதில் பிரஸ் இடித்தது, போன் வைத்த காதில் நான் மட்டும் இருந்தேன். அவர் போனை எடுத்துப் பார்த்தார், பிரஸ்ஸைப் பார்த்தார், காதை மாற்றி வைத்துக் கேட்டார். நம்பிக்கை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இம்மாம் பெரிய மெஷினையே முழுங்கிட்டான். இவன் போன்ல சொல்ற மத்ததை எப்பிடிபா நம்பறது?"

பாய் என் பக்கம் திரும்பினார். "கழட்டு அதை."

"கழட்டினா எனக்குக் கேக்காது பாய். ஆர்டர் தப்பாயிடும்."

"மாட்டினா அவங்களுக்குக் கேக்காது. ஆர்டரே வராது."

பிரஸ் இறங்கியது, மேசைமேல் டீ கிளாஸ் நகர்ந்தது. பிறகு பாய் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தார், ஒரு இரும்புத் துண்டை என் தாடைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார், ஓங்கி அடித்தார். எனக்குப் பல் கூசியது.

"ஆங்!" என்று கேட் பக்கமிருந்து அண்ணன் குரல் வந்தது. "இப்ப ஓடுது!"

தகடுகள் இறங்கின.

அன்று முதல் இடது கையில் ஸ்பேனர், வலது கையில் பேனா. ஒவ்வொரு போனுக்கும் வாய்க்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்ட இரும்பைத் தட்டிக்கொண்டே பேசினேன். வாடிக்கையாளர்களுக்குத் திருப்தி. எழுதியது ஒன்றும் தப்பாகவில்லை. உமேஷ் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, தனக்கும் எனக்கும் பழக்கமே இல்லை என்பதுபோலத் திரும்பிப் போனான்.

அடுத்த வாரம் பிரஸ்ஸின் டை, அதாவது துளை போடும் அச்சு, நிஜமாகவே உடைந்தது. பட்டறை முழுக்க அமைதி. அப்போது சிட்டிபாபு கூப்பிட்டார்.

"என் வேலை ஓடுதா தம்பி?"

பாய் எதிரில் நின்று காற்றில் கையை ஓங்கி ஓங்கிக் காட்டினார். அடி, அடி. நான் ஸ்பேனரைப் பார்த்தேன். அடித்தால் இன்றைக்குத் தப்பலாம். நாளைக்கு அவர் வண்டியோடு வந்து நின்றால் நான் மறுபடி ராத்திரி வேன் ஏற வேண்டியதுதான்.

"நின்னுடுச்சு சார். டை உடைஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமைதான் ஆகும்."

பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பூட்டிட்டுப் போறவன் எவனும் நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டான்" என்றார் சிட்டிபாபு. "வெள்ளிக்கிழமை வர்றேன்." அப்புறம் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார்.

"இன்னா சொன்னாரு?" என்றார் பாய்.

"வெள்ளிக்கிழமை வர்றாராம். திட்டினார்."

"யாரை?"

"ரெண்டு பேரையும். உங்களைக் கொஞ்சம் அதிகமா."

"அதெல்லாம் உனக்குத் தெளிவாக் கேக்குமே" என்றார் பாய்.